துணைக்கு ஒரு பல்லி

வெங்கடம்மாவுக்கு ஒத்தை ஆகாது.

களி கிண்டினால் இரண்டு உருண்டை பிடிப்பாள். ராத்திரி தின்பது ஒன்றுதான். மற்றதைக் காலையில் மோரில் கரைத்துக் குடிப்பாள். சந்தையில் கத்தரிக்காய்க்காரி கொசுறாக ஒரு காயைத் தூக்கிப் போட்டால், "இன்னொண்ணு போடு தாயி, இல்லேன்னா அதையும் எடுத்துக்கோ" என்று கூடையை நீட்டுவாள். வெற்றிலையையும் பாக்கையும் ஒற்றையாய்க் கொடுக்கிற வழக்கம் ஓசூர்ப் பக்கம் எந்த வீட்டிலும் கிடையாது. வெங்கடம்மா அந்த வழக்கத்தைக் கத்தரிக்காய் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று ஊரில் சிரிப்பார்கள்.

அவள் புருஷன் கிருஷ்ணப்பன் கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போனவன். முதல் இரண்டு யுகாதிக்கு வந்தான். பிறகு வரவில்லை. கூடப் போனவர்களில் ஒருவன், குழியில் பாறை விழுந்து போய்விட்டான் என்றான். இன்னொருவன், பெங்களூர் காட்டன்பேட்டையில் ஒரு பெண்ணோடும் குழந்தையோடும் பார்த்ததாகச் சத்தியம் செய்தான். இரண்டில் எதுவும் ருசுவாகவில்லை. வெங்கடம்மா கழுத்தில் தாலி இருந்தது. ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது.

மூக்கண்டப்பள்ளியில் அண்ணன் மகள் கல்யாணம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, அண்ணி நாராயணம்மா தாம்பூலத் தட்டோடு வந்தாள். வெங்கடம்மாவிடம் வந்ததும் கை அவளைத் தாண்டி அடுத்தவளுக்கு நீண்டது.

"அண்ணி, எனக்கு?"

"உனக்கு எதுன்னு குடுக்கறது, நீயே சொல்லு. அவரு இருக்காருன்னு குடுக்கறதா, இல்லேன்னு விடறதா? ஒத்தையா நிக்கறவளுக்கு நான் என்ன கணக்குப் பண்றது?"

நாராயணம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை; அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அதுதான் வெங்கடம்மாவுக்கு அதிகமாகச் சுட்டது. சாப்பிடாமல் எழுந்து ஓசூருக்கு நடந்தாள். அதற்குப் பிறகு அண்ணன் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. ஓசூர் டிராவலர்ஸ் பங்களாவில் பெருக்கி மெழுகி, தண்ணீர் இறைக்கும் வேலையில் சேர்ந்தாள். பின்கட்டில் ஓர் அறை கொடுத்தார்கள். வீட்டில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் பங்களாவில் தமிழும் பேசிப் பழகியவள். ஆனால் வருகிற துரைமாரும் தாசில்தாரும் அவளிடம் பேசியது "தண்ணி கொண்டா" என்பது மட்டும்தான். மூன்று பாஷை கையில் இருந்தும் பேச ஆள் இல்லை.

ஐம்பத்தைந்து மார்கழியில்தான் சரோஜம்மாள் வந்து இறங்கினாள்.

ஊரே அப்போது வேறு பேச்சில் இருந்தது. பாஷைவாரியாகத் தேசத்தைப் பிரிக்கப் போகிறார்கள், ஓசூர் மைசூருக்குப் போகுமா, மதராஸிலேயே நிற்குமா என்று டீக்கடைக்கு டீக்கடை தர்க்கம். கன்னடம் பேசுகிறவன் தமிழிலும், தமிழ் பேசுகிறவன் தெலுங்கிலும் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். யுத்தத்தில் ஓசூர் ரயில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகு எல்லாவற்றுக்கும் பஸ்தான். கிருஷ்ணகிரி பஸ் வந்து நின்றது. கண்ணாடி போட்ட, ஒல்லியான, இருபத்தைந்து இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி ஒரு தகரப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். பெட்டிக்குள் கண்ணாடி கலகலவென்றது. வாசனையும் வந்தது.

மதுவிலக்குக் காலம். கான்ஸ்டபிள் பெருமாள் மூக்கை நீட்டினார்.

"என்னாம்மா உள்ளே?"

"ஸ்பிரிட்."

பஸ் ஸ்டாண்டு மொத்தமும் திரும்பியது. எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் ஒளிந்து வாங்குகிற சரக்கை, நட்டநடு ஓசூரில், பட்டப்பகலில், ஒரு பெண்பிள்ளை பெயர் சொல்லிச் சொல்கிறாள்.

"எதுக்கு?"

"பல்லிக்கு."

"பல்லிக்கா?"

"பல்லியைப் பிடிச்சு இதிலே போட்டு வைக்கணும். சர்வகலாசாலையிலே ஆராய்ச்சி. பர்மிட் இருக்கு." கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

"பாருய்யா, பல்லிக்கெல்லாம் பர்மிட் குடுக்கறான்" என்றான் கூட்டத்தில் ஒருவன். "நாம பல்லியாப் பொறந்திருக்கலாம்."

பெருமாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பங்களாவரைக்கும் வந்து விட்டுவிட்டுப் போனார்.

பங்களா வாட்ச்மேன் மதுரைவீரன் வாயாடி. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். மறுநாள் சரோஜம்மாள் அவனிடம், "ராயக்கோட்டை மலைக்கு என்கூட வர ஒரு ஆள் வேணும். பொம்பளையா இருந்தா நல்லது" என்றாள்.

"வெங்கடம்மா இருக்குதேம்மா. அதுக்கு வீட்டிலே கேக்கறதுக்கு ஆளில்லே."

வெங்கடம்மா குடத்தோடு அங்கேயேதான் நின்றிருந்தாள்.

சரோஜம்மாள் அவள் பக்கம் திரும்பினாள். "நீங்க வர்றீங்களா?"

அவளை யாரும் அதுவரை நீங்க என்று சொன்னதில்லை. தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு, "வர்றேம்மா" என்றாள்.

ராயக்கோட்டை மலை ஒரே கல். அடிவாரத்தில் அவரைக்கொடி வாசனை, மேலே வெறும் பாறை. சரோஜம்மாள் பாறைப் பிளவுக்கு முன்னால் மண்டியிட்டு, கண்ணாடித் துண்டால் வெயிலை உள்ளே திருப்பிவிட்டுப் பார்த்தாள். உள்ளே விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறப் பல்லி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுச் சுவரில் இருப்பதைவிடத் தட்டை, கண் பெரிசு.

"பிடிங்க" என்றாள் சரோஜம்மாள். "என் கை அந்தப் பக்கம் எட்டலை."

"ஐயோ, பல்லி மேலே பட்டா தலைக்கு முழுகணும்மா."

"அப்ப தினம் ரெண்டு பேரும் முழுகுவோம்."

வெங்கடம்மா கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாள். பல்லி ஓடிவிட்டது, வால் மட்டும் கையில் துடித்தது. அவள் வீறிட்டுக் கத்தியதில் கீழே ஆடு மேய்த்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். சரோஜம்மாள் பாறையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெங்கடம்மாவும் சிரித்தாள். சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்கு அன்று ராத்திரி படுக்கும்போதுதான் தோன்றியது.

பிறகு கை பழகிவிட்டது. ராயக்கோட்டை ஒரு நாள், மத்திகிரிக்கு அப்பால் ஆனைப்பாறை ஒரு நாள். சரோஜம்மாள் பல்லியின் வயிற்றடியில் சின்ன வெப்பமானியை வைத்துப் பார்ப்பாள். பாறை எவ்வளவு சுடுகிறதோ அவ்வளவுதான் அதன் உடம்பும் சுடும் என்று காட்டினாள். "இதுக்கு சொந்தச் சூடு கிடையாது, வெங்கடம்மா. வெளியிலேயிருந்து வாங்கிக்கணும்." மார்கழிப் பனியில் விறைத்துக் கிடந்த ஒன்றை வெங்கடம்மா உள்ளங்கையில் மூடி வைத்திருந்தாள், கொஞ்ச நேரத்தில் அது கைக்குள் ஊர ஆரம்பித்தது. அதைப் பாட்டிலில் போட அவள் விடவில்லை. சரோஜம்மாளும் வற்புறுத்தவில்லை.

மத்தியானம் பாறை நிழலில் வெங்கடம்மா தூக்குச் சட்டியைத் திறப்பாள். இரண்டு களி உருண்டை இருக்கும். இரண்டாவது உருண்டைக்கு இப்போது ஆள் இருந்தது.

"மெல்லாதீங்கம்மா, முழுங்கணும்."

"தொண்டையிலே நிக்குதே."

"கொழம்புலே பொரட்டுங்க. மெட்ராஸ் தொண்டை, பழகணுமில்லே."

ஒரு நாள் வெங்கடம்மா கேட்டாள்: "உங்க வூட்டுக்காரரு என்ன பண்றாரு?"

"அப்படி ஒருத்தர் இல்லை. எனக்கு கல்யாணம் ஆகலை."

"ஆவும்மா."

"பல்லி பிடிக்கிறவளை எவன் கட்டிக்குவான்? ஒரு இடத்திலேயிருந்து பார்க்க வந்தாங்க. என் கையிலே ஸ்பிரிட் வாசனை. பஜ்ஜியைத் தொடாம போயிட்டாங்க."

மதுரைவீரன் இவர்களைப் பல்லி ஜோடி என்று கூப்பிட ஆரம்பித்தான். வெங்கடம்மா அவனைக் கன்னடத்தில் வைதாள். ஆனால் ஜோடி என்ற வார்த்தையை அவன் மறுபடி சொல்லும்படி அந்தப் பக்கமாகவே குடத்தோடு போனாள்.

தை பிறக்கும்போது சரோஜம்மாள் மதராஸுக்குப் போய்வர வேண்டியிருந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. புறப்படுமுன் ஸ்பிரிட் ஊற்றிய இரண்டு பாட்டில்களை வெங்கடம்மாவிடம் கொடுத்தாள். வெங்கடம்மா எழுத்து தெரியாதவள் என்பதால் பாட்டில் கழுத்தில் நூல் கட்டியிருந்தாள்.

"சிவப்பு நூல் ராயக்கோட்டை. வெள்ளை நூல் ஆனைப்பாறை. சொல்லுங்க பார்க்கலாம்."

"செவப்பு ராயக்கோட்டை. வெள்ளை ஆனைப்பாறை."

"கிடைக்கிறதைப் பிடிச்சுப் போட்டு வைங்க. நான் வந்து பார்த்துட்டு மூட்டை கட்டிடுவேன். வேலை அநேகமா முடிஞ்சுது."

ஏன் இரண்டு நூல் என்று அவள் சொல்லவில்லை. ஒரு தரம் சொல்லிச் சிரிப்பு வாங்கியவள்; முடிவு கையில் வருமுன் அதை மறுபடி வாய்விட்டுச் சொல்ல அவளுக்குப் பயம்.

வெங்கடம்மா தனியாக ராயக்கோட்டைக்குப் போனாள். முந்தின நாள் மழை, பிளவெல்லாம் ஈரம். நாள் பூராவும் தேடி ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டு அதைச் சிவப்பு நூல் பாட்டிலில் விட்டாள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போது பார்த்தாள். கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு அது தனியாகக் கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. முந்தானையால் மூடினாள்.

அடுத்த நாள் ஆனைப்பாறையில் மூன்று கிடைத்தன. அறைக்கு வந்து இரண்டு பாட்டில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் மூன்று, ஒரு பக்கம் ஒன்று. இரண்டு பக்கமும் ஒற்றைப்படை.

அவளுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. வெள்ளை நூல் பாட்டிலிலிருந்து ஒன்றை எடுத்துச் சிவப்பு நூல் பாட்டிலில் விட்டாள். இங்கே இரண்டு, அங்கே இரண்டு. மதராஸ் வரைக்கும் போகிற ஜீவன், துணையோடு போகட்டும். மூடியைத் திருகிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

சரோஜம்மாள் திரும்பி வந்த அன்றே பங்களா முன்னறையில் மேஜையைப் போட்டுக்கொண்டு பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தாள். வெங்கடம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஆடை படிகிற வரைக்கும் காப்பி அப்படியே இருந்தது.

"இது ரெண்டும் ராயக்கோட்டையா?"

"செவப்பு நூலும்மா."

"நிச்சயமா?"

"செவப்பு நூல்தானேம்மா."

சரோஜம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தாள். பிறகுதான் சொன்னாள், அதுவரை யாரிடமும் சொல்லாத மாதிரி மெதுவாக. வெங்கடம்மாவுக்குப் பார்த்தால் எல்லாம் ஒரே பல்லி. ஆனால் ராயக்கோட்டைப் பல்லிக்கு முதுகில் கடுகுபோல் மொட்டுகள் வரிசையாக இருக்கும். ஆனைப்பாறைப் பல்லிக்கு வரிசை கிடையாது, சிதறிக் கிடக்கும். விரலடி மடிப்பும் வேறு. இந்தப் பல்லி பாறையை விட்டு இறங்காது. இரண்டு மலைக்கும் நடுவில் செம்மண்ணும் கேழ்வரகுக் கொல்லையும். அது இவற்றுக்குச் சமுத்திரம் மாதிரி. எத்தனையோ ஆயிரம் வருஷமாக இந்த மலையில் இருப்பது அந்த மலையில் இருப்பதைப் பார்த்ததே இல்லை.

"தனியாவே இருந்து இருந்து வேற இனமாவே ஆயிடுச்சுன்னு நான் நினைச்சேன். இங்கே ஒண்ணு, அங்கே ஒண்ணு. அதைத்தான் மூணு வருஷமா நிரூபிக்கப் பார்க்கறேன்." பாட்டிலைச் சுட்டினாள். "இதிலே ரெண்டும் ஒண்ணா இருக்கு. ஒரே மலையிலே ரெண்டு விதமும் கலந்து இருக்குன்னா, அப்ப அது வேற வேற இனமே இல்லை. சும்மா ஆளுக்கு ஆள் மூக்கு மாறுற மாதிரி."

தான் என்ன செய்துவிட்டோம் என்று வெங்கடம்மாவுக்கு அந்த நிமிஷம் முழுசாக விளங்கியது. சொல்லிவிட வாயெடுத்தாள்.

"வேற வழியில்லை" என்றாள் சரோஜம்மாள். "இன்னும் ஒரு மாசம் இருந்து ராயக்கோட்டையை அங்குலம் அங்குலமாப் பார்த்துடணும். நீங்க வருவீங்க இல்லே?"

மூட்டை கட்டியிருக்க வேண்டியவள். இன்னும் ஒரு மாசம் என்கிறாள்.

"வர்றேம்மா" என்றாள் வெங்கடம்மா.

அந்த நாட்களைப் போல அவள் ஆயுசில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. விடியலில் பனிக்குள் பஸ்ஸைப் பிடிப்பார்கள். கண்டக்டர், "பல்லிக்காரங்களுக்கு ரெண்டு இடம் விடு" என்று ஜன்னலோர ஆட்களை நகர்த்துவான். மலையேறியதும் சரோஜம்மாள் மேல் பிளவையும் வெங்கடம்மா கீழ்ப் பிளவையும் பார்ப்பார்கள். "அங்கே இருக்கா?" என்று மேலேயிருந்து குரல் வரும். "இல்லேம்மா" என்று இவள் கீழேயிருந்து சொல்வாள். இல்லாத ஒன்றைத் தேடுகிறோம் என்று தெரிந்தே தேடினாள். தேடாமல் சும்மா பாவனை செய்ய அவளுக்கு வரவில்லை. ஒவ்வொரு பிளவிலும் கையை விட்டுப் பார்த்தாள். ஒரு நாள் உச்சியில் நின்று, தெரிந்த சாமிக்கெல்லாம் மூன்று பாஷையிலும் வேண்டிக்கொண்டாள்: ஒண்ணே ஒண்ணு, ஆனைப்பாறை மாதிரி, இங்கே காட்டிடு. காட்டிவிட்டால் தான் செய்தது பொய்யாகாது. ஒத்தையாய் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சாமி காட்டவில்லை. வரிசை மொட்டுப் பல்லிகள்தான் வந்தன.

சரோஜம்மாள் இளைத்துக்கொண்டே வந்தாள். முழங்கை சிராய்த்துப் புண்ணானது. களி உருண்டையில் பாதியை மீதி வைக்க ஆரம்பித்தாள். வெங்கடம்மா சட்டியைக் கழுவும்போது அந்தப் பாதி உருண்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். விடிந்தால், "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாங்க" என்ற குரல் பின்கட்டுக்கு வரும். அந்தக் குரலை நாளைக்கும் கேட்கலாமே என்று தோன்றும்.

மாசி பிறந்தது. ஒரு சாயங்காலம் சரோஜம்மாள் மேஜையில் விளக்கை ஏற்றச் சொன்னாள். ஏற்றியதும் திரியைத் தானே தணித்தாள்.

"போதும், வெங்கடம்மா. நாளைக்கு நான் கிளம்பறேன்."

"கெடைக்கலியேம்மா?"

"கிடைக்காட்டா என்ன? ஒண்ணு கிடைச்சதே போதும், என் கட்சியைக் கவுக்கறதுக்கு. ரெண்டும் ஒரே இனம்னு எழுதிக் குடுத்துடப் போறேன். எங்க புரொபசர் ஆரம்பத்திலேயே சிரிச்சார். மலைக்கு ஒரு பல்லின்னா ஊருக்கு ஒரு காக்காயான்னு கேட்டார். அத்தனை பேரும் சிரிச்சாங்க. அவங்க சிரிச்சது சரிதான்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "வீட்டிலே கல்யாணம் வேண்டாம்னு இதுக்காகத்தான் சண்டை போட்டேன். இப்ப இதுவும் இல்லை. இதை யார்கிட்டே போய்ச் சொல்றது? உங்ககிட்டே தவிர எனக்கு சொல்ல ஆளில்லை."

வெங்கடம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அதிலே ஒண்ணு ஆனைப்பாறைது."

"எதிலே?"

"செவப்பு நூல்லே. ராயக்கோட்டையிலே ஒண்ணுதாம்மா கெடைச்சுது. ஆனைப்பாறையிலே மூணு. இங்கே மூணு அங்கே ஒண்ணுன்னு இருந்துது. ஒத்தையாப் போவக் கூடாதேன்னு நாந்தான் ஒண்ணை எடுத்து இதிலே வுட்டேன்."

வெளியே மதுரைவீரன் பீடி பற்ற வைக்கிற தீக்குச்சிச் சத்தம் கேட்டது.

"ஒத்தையா..." என்றாள் சரோஜம்மாள்.

"தொணைக்கும்மா."

"இது தப்புன்னு எப்ப தெரியும்?"

"நீங்க வெவரமாச் சொன்னீங்களே, அன்னிக்கே."

"அன்னிக்கே தெரிஞ்சுது. தெரிஞ்சும் தினம் என்கூட மலை ஏறினே? நான் கையைக் கிழிச்சுக்கிட்டுத் தேடினதைப் பார்த்துக்கிட்டே இருந்தியா? ஏன்?"

வெங்கடம்மாவிடம் இருந்தது ஒரு வார்த்தைதான். அது சற்று முன் சொன்ன அதே வார்த்தை.

சரோஜம்மாள் பாட்டிலை விளக்கருகே தூக்கினாள். "இதிலே எது ஆனைப்பாறை, சொல்லு."

"தெரியலேம்மா. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது."

"எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன? என் கண்ணால பார்க்காத இடத்திலேயிருந்து வந்தது. இந்த ரெண்டையும் இனிமே கணக்கிலே சேர்க்க முடியாது." பாட்டிலை வைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை. வெங்கடம்மாவும் சட்டியைத் திறக்கவில்லை.

காலையில் பெட்டியைப் பெருமாள் தூக்கி வந்து பஸ்ஸில் ஏற்றினார். வெங்கடம்மா கொஞ்சம் தள்ளி, கொய்யாப்பழக்காரிக்குப் பின்னால் நின்றாள். பஸ் ஸ்டாண்டில் இன்னும் ஓசூர் எந்தப் பக்கம் என்ற தகராறு ஓயவில்லை. சரோஜம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு தரம் வெளியே பார்த்தாள். யாரைத் தேடுகிறாள் என்று தெரிந்தும் வெங்கடம்மா முன்னால் வரவில்லை. பஸ் புறப்பட்டபோது ஓடினாள், புழுதிதான் மிச்சம்.

முன்னறையைப் பெருக்கப் போனாள். ஜன்னல் விளிம்பில் சிவப்பு நூல் பாட்டில் இருந்தது. இரண்டு பல்லியும் உள்ளே இருந்தன. வேண்டாம் என்று விட்டுப் போனாளா, இவளுக்கென்று வைத்துவிட்டுப் போனாளா? பாட்டிலில் எழுதியிருக்கவில்லை, எழுதியிருந்தாலும் இவளுக்குப் படிக்க வராது. எடுத்துக்கொண்டு போய்த் தன் அறை மாடத்தில் வைத்தாள்.

மதுரைவீரனுக்கு அந்தப் பாட்டில் மேல் ஒரு கண். "பல்லியை எடுத்துப் போட்டுட்டு அந்தத் தண்ணியை எங்கிட்டே குடேன் வெங்கடம்மா. அத்திப்பள்ளி வரைக்கும் நடக்கற செலவு மிச்சம்."

"குடிச்சா வாலு மொளைக்கும்டா உனக்கு."

"வாலு மொளைச்சாலாவது நீ என்னையும் எடுத்து மாடத்திலே வெப்பே."

ஓசூர் மதராஸிலேயே நின்றது. தை வந்தது, சரோஜம்மாள் வரவில்லை. அடுத்த தையிலும் வரவில்லை. சாயங்காலம் கிருஷ்ணகிரி பஸ் ஹாரன் கேட்டால் வெங்கடம்மா கையிலிருக்கிற துடைப்பத்தோடு பங்களா வாசலுக்கு வந்து நிற்பாள். இறங்கி வருகிறவர்களைப் பார்த்துவிட்டு, வாசலருகே கிடக்கும் சருகைப் பெருக்குவதுபோல் பெருக்கிவிட்டுப் போவாள். பாட்டிலில் ஸ்பிரிட் வருஷத்துக்கு வருஷம் இறங்கியது. நிரப்ப வழி தெரியாது. கடைசியில் உலர்ந்து, இரண்டு பல்லியும் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்த இலை மாதிரி ஆகிவிட்டன. பிரித்தெடுத்தால் நொறுங்கிவிடும்.

அண்ணி நாராயணம்மா ஒருதரம் சமாதானமாக வந்தாள். மாடத்தைப் பார்த்து, "சீ, இது என்ன கர்மம், தூக்கி எறி" என்றாள். வெங்கடம்மா அவளுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். பாட்டில் அங்கேயே இருந்தது.

ஐம்பத்தொன்பதில், தையில், ஒரு ஆள் வந்தான். முப்பது வயது இருக்கும், பெயர் ராஜப்பன் என்றான், காலேஜ் வாத்தியார். தோளில் துணிப்பை, நடந்தால் கலகலவென்றது. வாசனை வந்ததுமே வெங்கடம்மா துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"இங்கே வெங்கடம்மாங்கறது?"

"நாந்தாங்க."

"ராயக்கோட்டைக்குப் போகணும். சரோஜம்மா உங்களைத்தான் பார்க்கச் சொன்னாங்க. தன்னோட சிநேகிதி ஒருத்தங்க அங்கே இருக்காங்க, மலையிலே ஒவ்வொரு பிளவும் அவங்களுக்குத் தெரியும்னாங்க." கொஞ்சம் தயங்கினான். "இன்னொண்ணும் சொல்லச் சொன்னாங்க. ஒரு பாட்டிலுக்கு ஒண்ணுதானாம்."

வெங்கடம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கேட்க நினைத்தது நிறைய. ஒன்றுதான் வந்தது.

"அதைக் கோவமாச் சொன்னாங்களா, சிரிச்சுக்கிட்டா?"

ராஜப்பன் யோசித்தான். "ரெண்டும் இல்லீங்க. கிளாஸிலே புதுப் பசங்களுக்கும் இதைச் சொல்லுவாங்க. ஒரு பாட்டில், ஒரு மலை, ஒரு பல்லின்னு. பசங்க எதுக்குன்னு கேட்பாங்க. அவங்க ஜன்னல் பக்கம் திரும்பிடுவாங்க."

"அவுங்க பல்லி? வேற வேறன்னு ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்க. ரெண்டும் ரெண்டு இனம்னுதான் இப்ப எல்லாரும் சொல்றோம்."

"அம்மா தனியாத்தான் இருக்காங்களா?"

"ஆமாங்க" என்றான். "தனியாத்தான்."

விடியலில் களி கிண்டி இரண்டு உருண்டை பிடித்துத் தூக்குச் சட்டியில் வைத்தாள். ராஜப்பன் களி சாப்பிடுவானா என்று கேட்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் புதியவன்; இவர்களுக்கு யாரும் இடம் விடவில்லை. மலையேறி, கீழ்ப் பிளவுகளில் ஒன்றைக் காட்டினாள். ராஜப்பன் முயன்றான், கை போகவில்லை. அவள் கையை விட்டாள். பனிக்கு விறைத்த ஒன்று வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு பாட்டிலில் விட்டு மூடியைத் திருகினாள்.

"ஒண்ணுதானே?" என்றான் அவன், பாதி விளையாட்டாக.

"ஒண்ணுதாங்க."

அவன் பையைத் திறந்து நீட்டினான். அவள் அதில் போடவில்லை. பாட்டிலை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு, அடிவாரம் வரைக்கும் அப்படியே இறங்கினாள்.